முன்வரிசையில் விரல் மடக்கியவர்

கொழும்பில் இசைவிழாவின் கடைசிக் கச்சேரி. பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் தட்டித் தட்டி விரல்களை மடக்கினார். எனக்குச் சின்ன வயதில் பார்த்த வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் ஞாபகம் வந்துவிட்டது.

அன்று மார்கழி பூஜையின் கடைசி நாள். கொழும்பிலிருந்து பாட்டுக்காரர் வந்திருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே திரண்டிருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய புது ஆள் ஒருவர் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"தலை எண்ணுறான். பிரஜாவுரிமை இல்லாதவங்கள இந்தியாவுக்குக் கப்பலேத்தத்தான்" என்று அப்பா அம்மாவின் காதில் சொன்னார். பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த சனம், ஒவ்வொருவராக நழுவியது. அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். மிச்சமிருந்த நாங்களும் எழுந்து ஓடினோம். மங்களம் பாடும்போது கேட்கப் பூசாரியும் அந்த ஆளும்தான் இருந்தார்களாம்.

மறுநாள் பூசாரி லயத்துக்கு வந்து சத்தம் போட்டார். "அவரு பாட்டுக்காரரோட தம்பிங்க. தாளம் போட்டாரு!"

அப்பா அசரவில்லை. "அப்ப நம்மள எதுக்குத் திரும்பிப் பாத்தாரு?"

"எல்லாரும் ஏன் எந்திரிச்சுப் போறாங்கன்னு பாத்தாருங்க."

அப்பா அதை நம்பவே இல்லை.

இங்கே மங்களம் தொடங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தேன்.