வலையை முதலில் ஏற்றுங்கள்

போன புதன்கிழமை காலை, மூன்று படகுகளில் ஏறி உட்கார்ந்திருந்த அறுபது பேரை ஒரே ஒரு வாக்கியம் பேசி இறங்க வைத்தேன். கடலில் புயல் வந்துகொண்டிருந்தது. அவர்களைக் காப்பாற்றத்தான் போயிருந்தேன்!

விவரமாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு போல்ட் நட் ஃபாக்டரியில் நான் ஸ்டோர் கீப்பர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் 'அகில உலக ஆபத்துதவிக் குழு' பற்றிச் சொல்லியிருக்கிறேனா? பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மொத்தமே ஐந்து பேர். நான் செயலாளர். ஃபிட்டர் தேவசகாயம் தகவல் பிரிவு – அதாவது, அவரிடம் ஷார்ட்வேவ் ரேடியோ இருக்கிறது. உலகத்தில் எங்கே பூமி நடுங்கினாலும், எங்கே எரிமலை புகைந்தாலும் காலை ஷிஃப்டுக்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். கேன்டீன் சுவரில் உலகப் படம். வெள்ளத்துக்கு நீலக் குண்டூசி, பூகம்பத்துக்குச் சிவப்பு.

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் பூகம்பம் என்று கேள்விப்பட்டு ஒருமுறை கம்பளித் துணி திரட்டக் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டியில் வீடு வீடாகப் போய் ஸ்வெட்டர் கேட்டவர்கள் எங்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள்? மூன்று குரங்குக் குல்லாய் கிடைத்தது. அதில் ஒன்று தேவசகாயத்துடையது.

இந்த லட்சணத்தில் இருந்த எங்களுக்குப் போன வாரம் உள்ளூரிலேயே வேலை வந்தது. சாயங்காலம் சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவில் புயல் கரையைக் கடக்கும் என்று காலை ரேடியோவில் செய்தி. தாலுகா ஆபீசில் ஜீப் ஒன்றுதான். காலி செய்ய வேண்டிய ஊர்களோ ஏராளம். "பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ரெண்டு குப்பம் இருக்கு. அதை நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டுமா? எங்கள் முதலாளி லாரியைக் கொடுத்தார். படகில் ஆட்களை இந்தக் கரைக்குக் கொண்டுவருவது, லாரியில் ஏற்றிப் பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுவது. இதுதான் திட்டம்.

முதலில் கிழக்குக் குப்பம். (அப்படி ஒரு பெயர் கிடையாது. உண்மைப் பெயரைச் சொன்னால் எனக்கு மீன் கொடுக்க மாட்டார்கள்.) ஊர்த் தலைவர் முனுசாமி மரியாதையாக வரவேற்றார். தேவசகாயம் காற்றின் வேகத்தைச் சொன்னார். நான் வங்காள விரிகுடாவை மணலில் வரைந்து காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். குழந்தை குட்டிகளோடு முதல் அறுபது பேர் மளமளவென்று படகில் ஏறிவிட்டார்கள்.

அப்போது முனுசாமி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "மேற்குக் குப்பத்துக்காரங்க கெளம்பிட்டாங்களா சார்?"

நுணலும் தன் வாயால் கெடும். "அவங்களுக்கு என்ன அவசரம்? ரெண்டாவது நடையில வருவாங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஆண்கள் இறங்கினார்கள். பின்னாலேயே பெண்கள். "அவங்களை மொதல்ல இட்டுக்கினு போ சார். நாங்க அப்பால வரோம்" என்றார் முனுசாமி.

சரியென்று மேற்குக் குப்பத்துக்கு ஓடினோம். அங்கேயும் அதே கதை. அந்த ஊர்த் தலைவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சார், அவங்க ஊட்லயே குந்திக்கினு இருப்பாங்க, நாங்க மட்டும் போவணுமா?" என்றார். மறுபடியும் கிழக்கு. மறுபடியும் மேற்கு. வெறும் படகோடு இந்தக் கரைக்குத் திரும்பியபோது மணி ஒன்று ஆகிவிட்டது. கடல் இரைச்சல் ஏரிக்கு இந்தப் பக்கம் கேட்க ஆரம்பித்தது. தேவசகாயம் முனகலாக ஜெபம் செய்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தை விட்டுச் சொன்னால் – அழுகையே வந்துவிட்டது. இரண்டு ஊரிலும் சேர்த்து எத்தனை குழந்தைகள்! ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பிறகு நான் எப்படிச் சோறு தின்பேன்?

லாரி பக்கத்தில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஃபாக்டரி வாசலில் கூடை வைத்து மீன் விற்கிறவள். தங்கை கிழக்குக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் பதறிப்போய் எங்கள் லாரியிலேயே தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னிக்கி பாடு யாருது?" என்றாள்.

"என்ன பாடு?"

தலையில் அடித்துக்கொண்டாள். "அது தெரியாமயா சார் கூட்டினு போவ வந்தே?"

ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தானாம். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடி. அதனால் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர் என்று முறை. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். விட்ட பாடு விட்டதுதான், திரும்பக் கிடைக்காது. அன்றைக்குக் கிழக்குக் குப்பத்துப் பாடு, மறுநாள் மேற்கு.

"புயல்ல எவனம்மா வலை கட்டுவான்?"

"எவனும் கட்ட மாட்டான் சார். ஆனா நாம போயிட்டா அவன் கட்டிடுவானோன்னு ரெண்டு பேருக்கும் பயம். மழைத் தண்ணி எறங்கினா எறா அள்ளிக்கினு வருமே! நீ வேற போயி, அவங்க அப்பால வராங்கன்னு சொல்லிக்கினு வந்திருக்கே…"

"இப்போ என்ன பண்றது?"

"ரெண்டு ஊர் வலையையும் மொதல்ல லாரில ஏத்து. வலை கரைக்கு வந்துட்டா ஆளு தன்னால வரும்."

தேவசகாயம் கொதித்துப் போனார். "மனுஷனை விட்டுட்டு வலையைக் காப்பாத்தறதா? உலகத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் உலகத்தில் கேள்விப்பட்டதையெல்லாம் காலையிலிருந்து செய்து பார்த்தாகிவிட்டதே!

இரண்டு தலைவர்களையும் ஒரே படகில் உட்கார வைத்துப் பேச வைத்தாள் கன்னியம்மா. ஐந்து நிமிஷம்தான். புயல் நாள் கணக்கில் சேராது. ஊர் திரும்பிய பின் முதல் பாடு கிழக்குக்கு, அடுத்தது மேற்குக்கு. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூட நேரமில்லை. அதற்குப் பதில் ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி விட்டார்கள்.

அரை மணியில் வலைகள் லாரிக்கு வந்துவிட்டன. சொல்லி வைத்தாற்போல் பின்னாலேயே ஜனங்கள். நான் படகை அனுப்புவதற்குள் அவர்களே சொந்தப் படகில் வந்து இறங்கினார்கள்! கிழவிகள், கைக்குழந்தைகள், ஆடு, கோழி, ஒரு தையல் மெஷின்… நாலரை மணிக்குக் கடைசிப் படகில் முனுசாமி வந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

உள்ளே போனால் வேடிக்கை. கிழக்கு வலையின்மேல் மேற்குக் குப்பத்தார் சாய்ந்திருக்கிறார்கள், மேற்கு வலையின்மேல் கிழக்கு. காவலாம்! ஆனால் சோறு மட்டும் ஒரே அண்டாவிலிருந்து.

புயல் வந்தது, போயிற்று. இரண்டு குப்பத்திலும் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. ஒரு குழந்தைக்கும் கீறல்கூட இல்லை. கூரையைப் பார்த்து அழுதவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டே அழுதார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர் திரும்பிய மறுநாள் கிழக்குக் குப்பம் வலை கட்டியது. மேற்குக் குப்பத்தார் வந்து வலைக்குக் கழி ஊன்றிக் கொடுத்தார்களாம்.

ஆபத்தில் இருப்பவனிடம் ஆபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவன் எதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது என்று யார் கேட்கிறோம்?

சனிக்கிழமை குழு அவசரமாகக் கூடி, கன்னியம்மாவைத் தலைவராக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஃபாக்டரி வாசலுக்குப் போய் நானே தெரிவித்தேன். வாரம் ஒரு கூட்டம் உண்டு என்றும் சொன்னேன்.

கூடையிலிருந்து நிமிராமலே பதில் வந்தது. "புயல் வந்தா கூப்புடு சார், ஓடியாறேன். கூட்டம்னா கூப்புடாதே… மீன் நாறிப்பூடும்."