பாய்மரத்தின் அடியில் வைத்த காசு

எங்கள் கணபதி ஒர்க்‌ஷாப்பில் லேத் இருக்கலாம், டிரில்லிங் மிஷின் இருக்கலாம். பாய்மரப் படகுக்கு அங்கே என்ன வேலை? பம்ப்செட் தொழிலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அதைத்தான் கட்டினார். கொச்சிக்குக் கொண்டுபோய்க் கடலில் ஓட்டப் போகிறாராம். நீச்சல் தெரியாத மனுஷன்!

பாய்மரம் என்பது நீளமான அலுமினியக் குழாய்தான். அதை நிறுத்திப் பார்க்கும் நாளில், அடியில் காசு வைப்பது வழக்கம் என்றார். ஏதோ வீடியோவில் பார்த்தாராம். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தும் முறை. அதை விடுவேனா? ஒரு ரூபாய்க் காசோடு நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து, படகில் மரம் உட்காரும் குழியில் வைத்துப் பால் தெளித்தேன். ஒர்க்‌ஷாப் ஆட்கள் கயிற்றை இழுக்க, குழாய் ஆடி ஆடி எழுந்து நின்றது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

மறுநாள் லாரி வந்ததும் அதைக் கழற்றச் சொன்னார்.

"ஏனுங்க, நிறுத்துன வாசக்காலை யாராச்சும் புடுங்குவாங்களா?"

"இப்படியே ஏத்துனா ரோட்டுல கரண்டுக் கம்பில மாட்டிக்கும், அம்மணி."

நியாயம்தான். ஆனாலும் அழுதுவிட்டேன். முடிச்சை எடுத்துப் பார்த்தால் பச்சைப்பயறு ஒரே ராத்திரியில் முளைவிட்டிருந்தது. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

கொச்சிப் படகுத்துறையில் மரத்தை நிறுத்துமுன் மறுபடி காசை வைத்தேன். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். காசு எதற்கென்று அவளிடம் கேட்டேன். படகு மூழ்கிச் செத்தவர்களை அக்கரைக்குக் கொண்டுபோக ஓர் ஓடக்காரன் வருவானாம், அவனுக்குக் கொடுக்கிற கூலியாம். வெளிநாட்டுக் கதை என்று சிரித்தாள்.

அடப்பாவிகளா! பிணத்தின் நெற்றியில் ஒட்டுகிற காசையா என் கையாலேயே வைத்தேன்? எடுத்து வீசிவிடத்தான் குனிந்தேன். அவர் குழாயைத் தடவிக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு காசுங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

ஆமாம் என்றாள். பர்ஸைத் திறந்து இன்னொரு ரூபாயை எடுத்துக் குழியில் வைத்தேன்.

"உனக்கும் நீச்சல் தெரியாதே, அம்மணி," என்றார் அவர்.

"தெரியாதுங்க. நானும் வாரேன், மரத்தை நிறுத்தச் சொல்லுங்க."