முனையில் விழுந்த கேமரா

கேமராவைத் தலைகீழாகப் பிடித்தபோது லென்ஸின் விளிம்பிலிருந்து கடல்நீர் சொட்டியது. புகைப்படக்காரர் அண்ணன் அதைப் பாறைமேல் வைத்துவிட்டு, என் முழங்காலில் இருந்த சிராய்ப்பைத்தான் முதலில் பார்த்தார்.

ஞாயிறு பதிப்பின் ஒரு முழுப் பக்கத்துக்காக, மலேசியாவின் கிழக்குக் கரையில் மெர்சிங்கிற்குத் தெற்கே முதுகுப்பைகளுடன் ஒரு பகல் முழுக்க நடந்தோம். அங்கே மணல் குறைவு. வீட்டளவு கரும்பாறைகள், இடையில் கணுக்கால் சிக்கும் பிளவுகள், அவற்றில் கிழிந்த வலைத்துண்டுகள். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது, எனக்கு இருபத்தெட்டு. "இந்தப் பாறைக்கு என்னைவிட வயசு கம்மிதான் லா," என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினார்.

கடலுக்குள் நீண்டிருந்த கடைசிப் பாறை முனையைக் கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே சுற்றிவர முடியும். நேரம் பார்ப்பது என் வேலை. இன்று எழுதுவது நாளைய தேதியில் அச்சாகும் என்பதால், பத்திரிகைக்காரன் கண் நாளைய தேதிக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில், கடல் வற்றும் நேர அட்டவணையில் மறுநாள் வரியைப் பார்த்துவிட்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். சாவகாசமாகச் சாப்பிட்டு முனைக்கு வந்தபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் இடுப்பளவு. அலை என்னைப் புரட்டியது. அவர் என் பையைப் பிடித்து இழுத்தார். மறு கையிலிருந்த அலுவலகக் கேமரா நழுவியது.

மறுநாள், கேமரா எப்படி விழுந்தது என்று ஆசிரியர் விசாரித்தார். "எனக்குக் கால் வழுக்கிடுச்சு சார்," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இன்னும் நிரந்தரமாகாத நிருபர். வாயைத் திறக்கவில்லை.

"வயசாயிடுச்சு. இனிமே ஆபீஸ்லயே இருக்கட்டும்," என்றார் ஆசிரியர்.

வெளியே போய்ப் படம் எடுப்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்கு ஆசை இருந்ததில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் கட்டுரையில் 'உடன் வந்தவரின் கால் வழுக்க' என்றே எழுதினேன். அந்தக் கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள்.

ஏழு ஆண்டுகள் பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவருக்குப் போன மாதம் பிரியாவிடை. இப்போது துணையாசிரியராக இருக்கும் நான் பேசினேன். கூட்டம் சிரிக்கட்டும் என்று, முனையில் அவர் வழுக்கிய கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வாகன நிறுத்துமிடத்தில், "அண்ணே, அன்னிக்கு..." என்று தொடங்கினேன்.

"மறுநாள் நேரத்தப் பாத்துட்ட. தெரியும் தம்பி. திரும்பி வர்றப்ப வண்டியில நானும் அந்த அட்டவணையப் பாத்தேன்." தலைக்கவசத்தின் வாரை மாட்டினார். "ஆசிரியர் கேட்டப்ப நீ சொல்லுவேன்னு பாத்தேன். இன்னிக்கு மைக்கப் புடிச்சப்பவும் பாத்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மோட்டாரை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.