முந்திரி இல்லை என்றார்கள்

களியக்காவிளையில் சீஸ் சாண்ட்விச் சுட்டுத் தரும் பிரபலமான கடைக்கு மகளோடு போயிருந்தேன். முந்திரிப்பருப்பு அவளுக்கு ஒவ்வாது. வீட்டில் நாங்கள் அதை அண்டிப்பருப்பு என்போம். பகட்டான கடையாயிற்றே என்று, வீட்டுச் சொல்லை விட்டுவிட்டு, "முந்திரி உண்டா?" எனக் கேட்டேன்.

"இல்ல சேச்சி" என்றார் பரிமாறிய கேரளத்துப் பெண்.

இரண்டாவது கடியிலேயே, "அம்மா, நாக்கு அரிக்கு" என்றாள் மகள். உதடு தடித்திருந்தது. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இதுக்குள்ள என்ன போட்டிய?"

"சீஸ், மல்லியில, அண்டிப்பருப்பு..."

"முந்திரி இல்லன்னு சொன்னியளே!"

"எங்களுக்கு முந்திரின்னா திராட்சயாக்கும், சேச்சி!" அவர் முகமும் வெளிறிவிட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, வீக்கம் வடிந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது எவ்வளவு பெரிய கடையானாலும், "அண்டிப்பருப்பு கிடக்கா?" என்று வாய் நிறையக் கேட்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.