எண்ணெய்க்கு முன்னால் கான்

தெரணியகலையிலிருந்து அழைப்பு வந்தபோது இரத்தினபுரியில் மழை பிடித்திருந்தது. "மாஸ்டர், அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி" என்றான் புஷ்பராணியின் மகன். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கான்தான் ஞாபகம் வந்தது. இனி கான் வெட்டப் பிள்ளைகளை யார் கூப்பிடுவார்கள்?

அவரை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தெரணியகலையில் எங்கள் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், செங்குத்தான மலைக்குக் கீழே இருக்கின்றன. மழைத்தண்ணீரை ஒதுக்கிவிடும் வாய்க்காலான கான் அடைபட்டால் மண் வீட்டுக்குள் வந்துவிடும். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துவந்த புஷ்பராணி, நிர்வாகம் ஆள் அனுப்பும் என்று காத்திருக்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் வாலிபப் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து இறங்கியதும் கையில் மம்பட்டியைக் கொடுத்தார். "கான் வெட்டாதவங்க தலைக்கு எண்ணெ கெடையாது" என்றார். அத்தனை பேரும் அவர் தொட்டில் ஆட்டிய பிள்ளைகள். எதிர்த்துப் பேச எவனுக்கு வாய் வரும்?

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். யுத்த காலத்தில் இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் மம்பட்டியும் கத்தியுமாக மலையில் கூடினால் பொலிஸ் என்ன நினைக்கும் என்று கேட்டேன். புஷ்பராணி சிரித்தார். "நீங்க மேல நின்னு பயப்படுங்க மாஸ்டர், நாங்க வெட்டுறோம்." சும்மா சொல்லவில்லை. என்னைப் பாறைமேல் ஏற்றி, மண் சரிகிறதா, ஜீப் வருகிறதா என்று பார்க்க வைத்தார்.

முதல் வருடமே பெரிய பிழை விட்டோம். லயத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில், திருப்பிவிட்ட தண்ணீர் எங்கே போய் விழும் என்று யாரும் பார்க்கவில்லை. அது கீழே சிங்களக் கிராமத்து வயலில் இறங்கி நாற்றை மண்ணால் மூடிவிட்டது. மறுநாள் வயல்காரர் பியதாச ஆட்களோடு ஏறி வந்தார். "பிழை எங்களோடதுதான். தேத்தண்ணி குடிச்சிட்டு ஏசுங்க" என்றார் புஷ்பராணி, நல்ல சிங்களத்தில். குடித்துவிட்டு ஏசினார்கள். பிறகு அவர்களோடு வயல்வரை நடந்துபோய், தண்ணீரை எந்தப் பக்கம் விடலாம் என்று கேட்டு வந்தார். அடுத்த தீபாவளிக்குக் கிராமத்துப் பையன்களும் கீழ்க்கான் வெட்ட வந்தார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு கான் வெட்ட வரும் எங்கள் ரமேஷைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்தார்கள். பொலிஸுக்குப் போய் அவனுக்காகப் பேசியவர் பியதாச. "எங்களோட கான் வெட்டுற பையன்" என்றாராம். அன்றைக்குத்தான் புஷ்பராணி கண் கலங்கியதைப் பார்த்தேன்.

சாவு வீட்டுக்குக் கொழும்புப் பிள்ளைகள் வந்து சேரும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. வந்தார்கள். அவர்களே குழி வெட்டினார்கள். மழை விடவேயில்லை. சாவுக்கு எடுத்த லீவுக்குப் பிறகு தீபாவளிக்கு முதலாளிமார் விடமாட்டார்கள். இன்று போனால் போனதுதான். அடக்கம் முடிந்து எல்லாரும் குளிக்கப் போக வேண்டிய நேரம். அந்த நேரத்தில் கான் வெட்டச் சொல்லி வாய் திறந்து எப்படிக் கேட்பது? நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற பியதாச தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், குளிச்சா எல்லாம் பஸ்ஸுக்குப் போகும்."

அது பிள்ளைகளுக்கும் கேட்டுவிட்டது. ரமேஷ் குழி வெட்டிய மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் ஏறினார்கள், கிராமத்துப் பையன்களும்தான். கொஞ்ச தூரம் போய் ரமேஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வாங்க மாஸ்டர். நீங்க மேல நின்னு பயப்படுங்க, நாங்க வெட்டுறோம்."

புஷ்பராணி எனக்கு விட்டுப்போனது அந்த வேலைதான். ஈர வேட்டியோடு பாறைமேல் ஏறி நின்றேன்.