சென்னப்பன் வைத்த எலுமிச்சம்பழம்

அரூர் பக்கம் கடந்த முப்பது வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குச் சென்னப்பனின் குரல் கட்டாயம் நினைவிருக்கும். "மாப்ள, தலைய கொஞ்சம் இப்படி சாய்ங்க. பொண்ணு, நல்லா சிரிம்மா, பல்லு தெரிஞ்சா தப்பில்ல." குரல் நினைவிருக்குமே தவிர, பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆல்பத்தின் அட்டையில் பொன் எழுத்தில் இருப்பது ஸ்டுடியோ முதலாளியின் பெயர். மூன்று ஸ்டுடியோவுக்கு மாறி மாறிப் படம் எடுப்பவர் சென்னப்பன். ஏரியூரிலிருந்து பிழைக்க வந்தவர், சொந்தக் கடை போடவே இல்லை. கேட்டால், "கடை போட்டா உக்காரணும் சார். உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்பார்.

அவருடைய கல்யாணத்திலும் இதே கூத்துதான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டு, மாலையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெண் பக்கத்தில் நின்றிருக்கிறார். கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த முதலாளி, பழக்க தோஷத்தில் தன் முத்திரையைக் குத்திவிட்டார். "என்னதான் சொல்லுங்க, உங்க முதலாளி நம்மள நல்லா எடுத்திருக்காரு" என்று சென்னப்பனின் மனைவி இன்றைக்கும் அவரைச் சீண்டுகிறார். அவரும் சிரிப்பார். ஆனால் அந்த ஆல்பத்தை அவர் பிரித்து நான் பார்த்ததில்லை.

நான் மாதவராஜ், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். அரூரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற மூன்று அறை அருங்காட்சியகத்துக்குச் செயலாளர். செயலாளர் என்றால் பூட்டைத் திறப்பது, ஒட்டடை அடிப்பது, பள்ளிப் பிள்ளைகளைக் கத்தாமல் பார்த்துக்கொள்வது எல்லாம்தான். இரண்டு வருஷம் முன்பு, உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் இலவசமாக இணையத்தில் கண்காட்சி வைக்கலாம் என்று ஒரு தளத்தைப் பார்த்தேன். இலவசம் என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் பக்கத்து நடுகற்களை உலகத்துக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், புலியோடு கட்டிப் புரண்டு செத்தவனுக்கும் ஊர் நட்ட கற்கள் அவை. பாதி இன்னும் வயல்களில்தான் நிற்கின்றன, பொட்டும் பூவுமாக.

அது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, சென்னப்பன் சும்மா இருந்தார். நான் விடுவேனா? கூப்பிட்டவுடன் கேமரா பையோடு வந்துவிட்டார். கூலி பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்படிப் படம் எடுக்கும்போது, அளவு தெரிய ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கென்றே வாங்கிய கருப்பு வெள்ளைக் கோலை நான் முதல் நாளே சித்தேரி பஸ்ஸில் விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, நிலத்துக்கார அம்மா ஒருவர் மறித்துக்கொண்டார். "சாமிக்கு ஒண்ணும் வெக்காம படம் புடிக்கிறதா?" சென்னப்பன் பதறவில்லை. கண்ணேறு படாமலிருக்க அவர் கேமரா பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். அதை எடுத்துக் கல்லின் காலடியில் வைத்தார். "சாமிக்கும் ஆச்சு, அளவுக்கும் ஆச்சுங்க சார்."

அதன்பின் நாற்பத்திரண்டு கற்களுக்கும் அதே பழம்தான். மாற்றினால் அளவு மாறிவிடுமாம். நான்கு வாரம் வெயிலில் அலைந்த பழம் வற்றிச் சுருங்கி, ஒரு பக்கம் சொட்டை விழுந்துபோனது. அதனால் எங்கள் கண்காட்சியில் கடைசியில் வரும் வீரர்கள், முதலில் வருபவர்களைவிட ஓங்குதாங்கான ஆட்களாகத் தெரிவார்கள். இந்தக் குறை இதுவரை எந்த ஆராய்ச்சியாளர் கண்ணிலும் படவில்லை.

படங்களை ஏற்றும்போது அந்தத் தளம் என்னை மூன்று கேள்வி கேட்டது. இந்தப் படத்தின் உரிமை உங்களுடையதா? ஆம் என்று தட்டினேன். மற்றவர்கள் இதை எடுத்துப் பயன்படுத்தலாமா? தாராளமாக என்று தட்டினேன். படம் எடுத்தவர் யார்? அங்கே அருங்காட்சியகத்தின் பெயரைப் போட்டேன். ஒருமுறை போட்டால் எல்லாக் கட்டங்களிலும் அதுவே நிரம்பிக்கொண்டது, அந்தச் சொகுசுதான் காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், சென்னப்பனின் நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

போன தை மாதம் ஒருநாள் காலையில், பூட்டைத் திறப்பதற்கு முன்பே அருங்காட்சியக வாசலில் சென்னப்பன் நின்றிருந்தார்.

"சார், நம்ம எலுமிச்சம்பழம் ஓட்டல் சுவத்துல தொங்குதுங்க."

கிருஷ்ணகிரி போகிற சாலையில் ஒரு பெரிய ஓட்டலில், வரவேற்புக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறார். மேடைக்கு எதிரே ஆள் உயரத்துக்கு நடுகல் படம். காலடியில் சொட்டை விழுந்த பழம்.

"கீழ யாரு பேரு போட்டிருக்குது தெரியுங்களா? நம்ம மியூசியம் பேரு. மண்டி போட்டு எடுத்தது நானு. என் பேரு எங்கங்க சார்?"

"கோவிச்சுக்காதீங்க சென்னப்பா. வேணும்னா எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றேன்.

"எடுக்கச் சொல்லி யாரு கேட்டா? பேரப் போடுங்க. என் கண்ணாலத்துலயே என் பேரு இல்ல. இந்த ஒண்ணுலயாவது இருக்கட்டுமுங்க."

பெயரை மாற்றினால், உரிமை எங்களுடையது என்று நான் சொன்னது பொய் என்றாகிவிடும். செயலாளர் நாற்காலி போய்விடுமோ என்ற பயம் வேறு. எப்படியாவது நழுவலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு, எங்கள் கமிட்டியில் இருக்கும் வக்கீல் கனிமொழியிடம் போனேன்.

கனிமொழி கேட்டுவிட்டு, "கூலி குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா, எடுக்கச் சொன்னவங்களுக்கு உரிமைன்னு வாதாடலாம். இல்லன்னா எடுத்தவருக்குத்தான். கூலி குடுத்தீங்களா சார்?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "தினமும் டீயும் ஒரு தட்டு பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தேம்மா!"

கனிமொழி பேனாவை மூடி வைத்தார். "பஜ்ஜியக் கூலின்னு கோர்ட்ல சொல்லப் போறீங்களா?"

"சின்னதோ பெருசோ, குடுத்தது குடுத்ததுதானே?" என்றேன் விடாமல்.

சென்னப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "வக்கீலம்மா, சாருக்கு சர்க்கரை. வூட்டுல எண்ணெப் பலகாரம் கண்ணுலயே காட்ட மாட்டாங்க. அதனால கடையில 'சென்னப்பனுக்கு ஒரு தட்டு'ன்னு சத்தமாச் சொல்லுவாரு. வந்ததும் தட்ட அவரு பக்கம் நகர்த்திக்குவாரு. இருபத்தாறு நாளும் நான் குடிச்சது வெறும் டீதானுங்க."

கனிமொழி நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில், வெளியே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப பஜ்ஜி அவரு பேர்ல, போட்டோ உங்க பேர்ல. நல்ல ஏற்பாடுதான் சார்."

மூக்கு உடைந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அங்கேயே ஒரு தாளில் சென்னப்பன் அனுமதி எழுதிக் கொடுத்தார். படங்கள் தளத்தில் இருக்கலாம், யாரும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொன்றின் கீழும் தன் பெயர் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. உலகத்துக்கே அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓட்டல்காரரிடம் படத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று கனிமொழி சொன்னார். பெயரை மாற்றக் கேட்டு ஓட்டல்காரருக்குக் கடிதம் போட்டோம். அவர் மறுபேச்சில்லாமல் புதுப் பெயர் ஒட்டி, அதைப் படம் எடுத்தும் அனுப்பினார். "கோணலா எடுத்திருக்கான்" என்றார் சென்னப்பன், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. கமிட்டியில் நானே எழுந்து நின்று தப்பை ஒப்புக்கொண்டேன். நாற்காலி போகவில்லை, ஒட்டடை அடிக்க வேறு யாரும் முன்வராததால்.

மறுநாள் சென்னப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் திறந்து திருத்தினேன். ஒரே தட்டில் நிரப்பும் வழி இருந்தும் வேண்டுமென்றே அதைத் தொடவில்லை. நாற்பத்திரண்டு தடவை என் ஒற்றை விரலால் தட்டினேன். படம் எடுத்தவர்: சென்னப்பன், ஏரியூர். தூக்கம் வரும் என்று உட்காராத மனிதர், இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

பிறகு திரையில் விரலை வைத்து, தன் பெயருக்கு மேலே இருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அது இரண்டு வருஷம் முன்பே நான் எழுதியது, எல்லாப் படங்களிலும் ஒன்றேதான். கல் செதுக்கியவர்: பெயர் தெரியவில்லை.

சென்னப்பன் அந்த வரியிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்:

"பாவம், இந்தாளு பேர்ல எவன் பஜ்ஜி தின்னானோ சார்."