பல் செட்டும் பம்பு செட்டும்

ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டுதான்: செட். இந்தக் குட்டிச் சொல்லுக்கு ஆங்கில அகராதியில் பக்கம் பக்கமாக அர்த்தம் கிடக்கிறது என்று கல்லூரியில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியை போகிற போக்கில் ஒருநாள் சொன்னார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கேண்டீனுக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. அகராதி எழுதியவர்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரே ஒரு நாள் சுற்றியிருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார்கள், பாவம்.

ஓட்டலில் பூரி ஒரு செட் என்றால் இரண்டு பூரி. செட் தோசை என்றால் எத்தனை என்பது கடைக்குக் கடை மாறும். கேட்டால் சப்ளையர் நம்மை வெளியூர் என்று முடிவு செய்துவிடுவார். கோயில் கொடையா, காதுகுத்தா, மைக் செட் கட்டாமல் நடக்காது. தளம் போட்ட வீட்டில் மாடிக்கு ஏறப் போனால், "இன்னும் செட் ஆகல, ஏறாத" என்பார் கொத்தனார். என் வயதுக்காரர்கள் எல்லாம் என் செட்டு. கம்மலும் நெக்லஸும் ஒரு செட்டு. சோபாவும் செட்டு, வாலிபாலில் தோற்பதும் செட்டு. ஒருத்தன் ஒருத்தியைச் செட் பண்ணுகிறான். அவள் "நமக்குச் செட் ஆகாது" என்று போய்விடுகிறாள்.

கல்லூரி முடிந்த பிறகும் போனில் எங்கள் செட்டுக்கு ஒரு குரூப் இருக்கிறது. அதில் போட்டி வைத்தேன்: யார் அதிகம் செட் பிடிக்கிறார்கள் என்று. நடுவர் நானே. முதல் நாளே சண்டை. வடமதுரைக்காரி ஒருத்தி மாடு கட்டுகிற தகரக் கொட்டகையைப் படம் எடுத்துப் போட்டு, "எங்க ஊர்ல இதுவும் செட்டுதான்" என்றாள். அது ஷெட், வேறு ஆங்கிலச் சொல், செல்லாது என்றேன். "மாட்டுக்குத் தெரியுமா அது வேற சொல்லுன்னு?" என்று கேட்டுவிட்டுக் குரூப்பை விட்டே போனாள். மறுநாள் சேர்த்துக்கொண்டோம். எங்கள் அம்மா தன் பங்குக்கு, "கட்டுசெட்டாக் குடும்பம் நடத்துறதுன்னு சொல்லுவாகல்ல, அந்தச் செட்டையும் எழுதிக்க" என்றாள். அது சிக்கனத்துக்கு நம்ம தமிழிலேயே இருக்கிற சொல்லும்மா, அதுவும் செல்லாது என்றேன். "நீ எதுக்குத்தான் செல்லுவ" என்று கேட்டாள்.

இப்படி நான் மும்முரமாக இருந்த நாட்களில்தான் அக்காவைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடானது.

அக்கா என்றால் பெரியப்பா மகள். பெரியப்பாவுக்கு ஆத்தூருக்கு வெளியே தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. அவரிடம் குறை என்று ஒன்றும் கிடையாது, பேச்சைத் தவிர. அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் செருப்பைத் தேட ஆரம்பிப்பார். அக்காவுக்கு வந்த முதல் வரனை, மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்கிய நிலத்தில் என்னென்ன வில்லங்கம் என்று விளக்கியே அனுப்பிவைத்தார். இரண்டாவது வரனின் அம்மாவிடம், தன் கல்யாணத்தில் பாயசம் பற்றாமல் போன கதையை ஆரம்பித்து, அது யாருடைய தப்பு என்பதற்கு வருவதற்குள் அந்த அம்மாள் எழுந்து கார் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்றாவது வரன் அப்படிப் போய்விடக் கூடாது. ஏனென்றால் இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. தரகர் நம்பர் கொடுத்து, இரண்டு பேரும் போனில் பேசிப் பேசி, எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரியாமல் கல்யாணப் புடவை நிறம் வரைக்கும் போயிருந்தார்கள்.

"அப்பா," என்றாள் அக்கா, முந்தின நாளே. "நாளைக்கு நீங்க வாயத் தொறக்கலன்னா எனக்குக் கல்யாணம். தொறந்தீங்கன்னா இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டோட நிக்க மாட்டேன். பார்த்துக்கங்க."

"நான் எங்கத்தா பேசுறேன்? கேட்டதுக்குப் பதில் சொல்றேன், அம்புட்டுத்தான்," என்று பெரியப்பா தொடங்கி, பதில் சொல்வது ஏன் மரியாதை என்பதைச் செத்த நேரம் விளக்கினார்.

அவர் பேச்சு அப்போது கொஞ்சம் விசிலடித்துக்கொண்டு வந்தது. காரணம் புதுப் பல் செட். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஈறில் உரசுகிறது என்று நேரம் கிடைக்கும்போதெல்லாம் கழற்றித் தண்ணீரில் போட்டுவைப்பார். ஆனால் விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாது. "இந்த வயசுலயும் கரும்பக் கடிச்சுத்தான் திங்கிறாரு" என்று தரகர் வழியாக ஒட்டன்சத்திரம் வரைக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே சொல்லச் சொன்னது.

வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, தரகர். மாப்பிள்ளையின் அப்பா தக்காளிக்காரர், நிலத்தில் நிற்கிற ஆள். வீட்டுக்குள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர் உடனே எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, மொதல்ல கெணத்தப் பாத்துப்போட்டு வந்தர்லாமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

பொண்ணைப் பார்க்க வந்தவர் கிணற்றைப் பார்க்கக் கேட்டால் எங்கள் பக்கத்தில் அது நல்ல சகுனம். அழைத்துக்கொண்டு போனேன். பெரியப்பா மோட்டார் ரூமில் இருந்தார், முகம் கழுவி வேட்டி மாற்ற. நாங்கள் வருவதை அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கன்னமும் உள்ளே போயிருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் பலகையின் மேல் ஒரு எவர்சில்வர் சொம்பு. அதற்குள்தான் கரும்பு கடிக்கிற சமாச்சாரம் இருந்தது.

"வணக்கமுங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பெரியப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டார். பிறந்ததிலிருந்து ஒரு வணக்கத்துக்கு அவர் பேசாமல் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"தண்ணி மேலயே கெடக்குதுங்களே. நம்ம ஊர்ல பாதாளத்துக்குப் போவோணுங்க. எங்கீங்க, மோட்டாரப் போடுங்க, பாக்கலாம்."

பெரியப்பா சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. அந்தப் பம்பு செட்டுக்கு அது பழைய வியாதி. கிணற்றுக்குள் கிடக்கும் குழாயின் அடி வால்வு கசியும். நிறுத்தி வைத்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் எல்லாம் இறங்கிப் போய்விடும். மறுபடி எடுக்க வேண்டுமென்றால் தொட்டிக்கு நடுவில் வானத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்கும் குழாயில் தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். இது தோட்டக்காரர் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைக்கு எட்டியது எதுவோ, அதை எடுத்து ஊற்றுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர்தானே இருக்கும்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. ஊத்தோணும்," என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சொம்பை எடுத்தார்.

பெரியப்பாவின் கை உயர்ந்தது. வாய் திறக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று மட்டும் ஒரு சத்தம்.

"இருக்கட்டுங்க. நமக்கும் இதே பொழப்புத்தானுங்க, இதிலென்னங்க கூச்சம்," என்று சொம்பை அப்படியே குழாய் வாயில் கவிழ்த்தார். குழாய்க்குள் கடகடவென்று ஏதோ உருண்டு போனது. "துருங்க," என்றார் அவரே. பிறகு தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினார். குழாய் தளும்பியது. "இப்பப் போடுங்க பாக்கலாம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். போடாமல் இருக்க முடியாது. போட்டார்.

குழாய் முதலில் இருமியது. அப்புறம் தண்ணீர் குடை மாதிரி விரிந்தது. அந்தக் குடையின் நடுவிலிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று எம்பி, வெயிலில் பளிச்சென்று சிரித்துவிட்டுத் தொட்டியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மாப்பிள்ளையின் அப்பா அப்போது குனிந்து வேட்டி நனையாமல் மடித்துக்கட்டிக்கொண்டிருந்தார். தெய்வம் இருக்கிறது. தொட்டி நிரம்பி வாய்க்காலில் இறங்கியது, பெரியப்பாவின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் அதோடு இறங்கின.

"தண்ணி எங்க பாயுதுன்னு பார்த்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். பட்டுப் பாவாடை தாவணியோடு வாய்க்கால் வரப்பில் ஓடுகிறவளைப் பார்த்து, "புள்ளைக்குத் தோட்டத்து மேல எத்தன அக்கறைங்க பாருங்க," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

மேல்வரிசை செண்டுப்பூப் பாத்தியின் மடையில் சிக்கி நின்றது. கீழ்வரிசை இன்னும் துணிச்சல். சின்ன வெங்காயப் பாத்தி வரைக்கும் போயிருந்தது. அதன் எதிரே ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்று கொத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பறந்தது.

கொல்லைப்புறமாக வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா காபித் தட்டோடு எட்டிப் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அப்ப அங்க அப்பா வாயில ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா. இந்தா, குடுத்துட்டு வாரேன். பாவம், முழிக்கிறாரு."

"நில்லு." தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு வரிசையையும் வாங்கி ஒரு துணியில் சுற்றி இடுப்பில் சொருகினாள். "அவுக கை நனைக்கட்டும். அப்புறம் குடுப்போம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் கொறிப்பார்கள். சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த கையை அப்புறம் துடைத்துக்கொண்டு போக முடியாது. பெரியம்மா எதற்கும் இருக்கட்டும் என்று சோறு வடித்துத்தான் வைத்திருந்தாள். முந்தின இரண்டு வரனுக்கும் வடித்தது மாட்டுக்குப் போனது.

கூடத்தில் பேச்சு நடந்தது. பேச்சு என்றால் அவர்கள் பேசினார்கள். பெரியப்பா தலையாட்டினார். வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்றதற்கு ஒரு ஆட்டு. மண்டபம் திண்டுக்கல்லிலேயே பார்க்கலாமா என்றதற்கு இன்னொரு ஆட்டு. நடுவில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்க கல்யாணத்துல பாயசம் பத்தாமப் போயிருச்சுங்க" என்று தன்பாட்டுக்குச் சொல்லிவைத்தார். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குச் சமமாக அவரிடம் எவ்வளவு பெரிய கதை இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கண்ணீரைப் பார்த்தார். "மகளக் குடுக்கற சங்கட்டமுங்க, எனக்குத் தெரியுது," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தரகரே, நீங்க சொன்னதுக்கு நேர்மாறா இருக்காருங்களே. அளந்து, கட்டுசெட்டாப் பேசற மனுசனுங்க. எனக்கு இந்த எடந்தான் புடிச்சிருக்குதுங்க."

தரகர் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்குக் கடைசி வரைக்கும் தீரவில்லை.

இலை போட்டார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி விரல்களை ஆட்டினார், கொடு கொடு என்று. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு மாப்பிள்ளையின் அப்பாவுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைகூட அந்தப் பக்கம் ஒரு பார்வை வீசினார், அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

கை இலைக்கு வந்தது. அப்பளத்தை எடுத்தது, அப்பளம் கணக்கில் சேராது. உப்பைத் தொட்டது, உப்பும் சேராது. "ஏனுங்க, வெஞ்சனம் இத்தனை எதுக்குங்க," என்றது வாய். பெரியம்மா சாம்பார் ஊற்றினாள். விரல்கள் சோற்றில் இறங்கின, பிசைந்தன, உருட்டின, வாய்க்குப் போயின. அக்கா மூச்சை விட்டாள். இடுப்புத் துணியை அவிழ்த்து, உள்ளே இருந்ததை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"பெரியப்பா, வாய் கொப்புளிச்சிட்டு வாங்க," என்று நீட்டினேன்.

அவர் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது. கொல்லைக்குப் போனார். திரும்பி வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

பாயசத்தில் தொடங்கினார். அது யாருடைய தப்பு என்பது வரைக்கும் போனார். வடையைக் கடித்துக்கொண்டே அணைத்தண்ணீர், வெங்காய விலை, தன் பல்லுக்கு வேப்பங்குச்சி செய்த உபகாரம் எல்லாம் சொன்னார். மோர் ஊற்றும்போது ஒட்டன்சத்திரத்தில் தக்காளி எப்படி விளைவிக்க வேண்டும் என்று ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கை கழுவின இடத்திலும் கூட நின்றார். கார் வரைக்கும் வந்தார். கார் கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு, தாய்மாமன்கள் வாங்குகிற நிலத்தைப் பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார்.

மாப்பிள்ளையின் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தபடி, நனைத்துக் காய்ந்துபோன தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் பெரியப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் மெதுவாக, "இத்தன பேச்சையும் இத்தன நேரமா எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.